வினோ அனுப்பின பெல்ட்

டைட் பண்ணித் தர மாட்டேன்ம்மா. கோவிச்சுக்காதீங்க. வேற எதுன்னாலும் குடுங்க. பிளவுஸ் குடுங்க, சுடிதார் பேண்ட் குடுங்க, இந்த நிமிஷமே உக்காந்து அடிச்சுத் தர்றேன். நாய் பெல்ட்ல மட்டும் இனிமே நான் கை வைக்கிறதா இல்ல.

தெரியுது, தெரியுது, இழுக்குறான். நீங்க அந்த முக்குல திரும்பும்போதே பாத்தேனே. நீங்களா அவனக் கூட்டிட்டு வந்தீங்க? அவன்ல உங்களக் கூட்டிட்டு வந்தான்! பேரென்ன? மேக்ஸா? உக்காருடா மேக்ஸ். எங்க உக்காருறான். காலு குட்டை, நெஞ்சு அகலம், கழுத்துன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியல. எங்க நாய் போண்டாவுக்கும் அச்சு அசல் இதே உடம்புதான். அய்ய, மெஷின் கால்ல கட்டாதீங்கம்மா, மெஷினோட கிளம்பிடுவான். கயித்த கையிலயே வெச்சுக்கிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அவசரமா? அவசரம்னா போயிட்டு வாங்க. இல்லன்னா ஒரு பத்து நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க. எனக்கும் உங்களால ஒரு உதவி ஆகணும். அத அப்புறம் சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, வினோதினி. ஓசூர்ல வேலை. நாலு மாசமா என்கிட்ட பேசுறதே இல்ல. ஒரு நாய்க்காகம்மா! நீங்களே சொல்லுங்க, ஒரு நாய்க்காக பெத்தவகிட்ட பேசாம இருப்பாளா ஒருத்தி? அவங்கப்பா போறப்ப அவளுக்கு ஒம்பது வயசு. இதோ, இந்த மெஷின மிதிச்சுத்தான் வளத்தேன். பாவாடை சட்டையிலேர்ந்து காலேஜ் சுடிதார் வரைக்கும் ஒரு துணி அவ கடையில வாங்கிப் போட்டதில்ல. எல்லாம் என் தையல். அந்த நன்றி வேண்டாமா?

சரி, அத விடுங்க. போண்டா கதைக்கு வர்றேன்.

அவன் ஓசூர்ல கெடைச்சவன். யாரோ ஆசையா வாங்கி, அலுத்துப்போயி ரோட்டுல விட்டுட்டுப் போயிருக்கான் பாவி. புல்டாக்ல பாதியாம், மீதி என்னன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். இவ தூக்கிட்டு வந்து ரூம்ல வெச்சுக்கிட்டா. ஹாஸ்டல்காரங்க சும்மா விடுவாங்களா? ஒரு ஞாயித்துக்கிழமை கார் வெச்சு நேரா இங்க வந்து எறக்கிட்டா. "மூணே மாசம்மா, வேற வீடு பாத்துட்டு கூட்டிட்டுப் போயிடுறேன்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நான் நாயைத் தொட்டதே இல்ல. துணி தைக்கிற எடம், வெள்ளைத் துணியில முடி ஒட்டுனா கஸ்டமருக்கு யார் பதில் சொல்றது? அவனப் பாத்தா, வெட்டின துண்டுத் துணி மேல ஏறிப் படுத்துக்கிட்டு குறட்டை விடுறான். வந்து அரை மணி நேரம் ஆகல!

ஆனா ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடியெல்லாம் வினோ ஞாயித்துக்கிழமைதான் போன் போடுவா. சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். போண்டா வந்த மறுநாள்லேர்ந்து தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால். போன அவன் மூஞ்சிக்கு நேரா பிடிக்கணும். அவன் நாக்க நீட்டி போன நக்குவான், இவ அங்க சிரிப்பா. அஞ்சு வருஷமா அவ சிரிச்சு நான் பாத்ததில்லம்மா. அவன்கிட்ட பேசி முடிச்சுட்டு என்கிட்டயும் பேசுவா. ஆபீஸ்ல நடந்தது, தலைவலி, சோறு கொழைஞ்சு போனதுன்னு எல்லாம் சொல்லுவா. எனக்காகவா போட்டா? அவனுக்காகத்தான் போட்டா. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சா என்ன, மக குரல் தெனம் கேக்குதுல்ல. ஏழு மணி ஆனா நான் மெஷின நிறுத்திட்டு மூஞ்சி கழுவிப் பொட்டு வெச்சுக்குவேன். எதுத்த கடை இஸ்திரி தங்கராசு கேலி பண்ணுவான், "அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா போன்ல?"ன்னு.

அவனோட ஒரே ரோதனை இந்த இழுக்குறதுதான். கழுத்துப் பட்டை போட்டா கர்ரு கர்ருன்னு மூச்சு முட்டுது, இருந்தும் இழுக்குறான். கழுத்தும் தலையும் ஒரே சுத்தளவா, பின்னாடி ஒரு நெளி நெளிஞ்சா பட்டை தலை வழியா கையோட வந்துடும். கடையில முதுகுல வளையம் வெச்ச நெஞ்சு பெல்ட் ஒண்ணு வாங்கினேன். அது இன்னும் மோசம்! நெஞ்ச அதுல சாச்சுக்கிட்டு வண்டி மாடா இழுத்தான். தோள்பட்டை கழண்டு வந்துரும்போல ஆயிடுச்சு. மறுநாள் கத்திரிக்கோல் பிடிக்க முடியல.

வினோகிட்ட சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவ ஒரு காரியத்த எடுத்தா விட மாட்டா, என்னைய மாதிரி. ரெண்டு வாரம் அதே வேலையா இருந்தா. எத்தன எத்தன வீடியோ பாத்தாளோ. "அம்மா, வளையம் முதுகுல இருந்தா இழுக்கத்தான் செய்வான். நெஞ்சுல முன்னாடி வளையம் இருக்கணும். இழுத்தான்னா உன்ன நோக்கியே திரும்பிடுவான். அப்புறம் வயித்துக்கிட்டயும் ஒரு பட்டை வேணும், பின்னாடி நெளிஞ்சாலும் கழலாது." எனக்கு கிளாஸ் எடுக்குறா! டேப்ப எடுத்து அளவு எடும்மான்னா. கழுத்துக்கு அடியில ஒண்ணு, முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சச் சுத்தி ஒண்ணு. "ரெண்டு விரல் உள்ள போகணும்மா, அதுக்கு மேல லூஸ் வேண்டாம்." முப்பத்தோரு வருஷமா டேப் பிடிக்கிற எனக்கு ரெண்டு விரல் கணக்கு சொல்லித் தர்றா!

அளவு சொன்னேன். அப்பதான் அவளுக்கு ஒரு கொழப்பம். நெஞ்சு அளவப் பாத்தா லார்ஜாம், நீளத்தப் பாத்தா மீடியமாம். குண்டு ஒடம்பு இல்லையா, ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. "எது எடுக்கம்மா?"ன்னு மூணு நாள் கேட்டா. நான் என்ன சொன்னேன்? "ஏதோ ஒண்ணு எடு, ரெடிமேட் எதுவா இருந்தா என்ன"ன்னேன். லார்ஜ் எடுத்து அனுப்பிட்டா.

பார்சல் வந்துச்சு. பிரிச்சேன். கறுப்பு கலர். அஞ்சு எடத்துல ஏத்தி எறக்குற கொக்கி. எனக்கு என்னமோ மனசு ஆறல. உங்களுக்கு இது புரியுமோ புரியாதோ. என் வீட்டு உடம்புல இதுவரைக்கும் ரெடிமேட் ஏறினது கெடையாது. எம்மு எல்லு எக்செல்லுன்னு எவனோ எங்கயோ உக்காந்து எல்லாருக்கும் பொதுவா வெட்டினத என் போண்டாவுக்குப் போடுறதா? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கேன்ல? அவகிட்ட ஒரு தடவ போட்டுக் காட்டினேன், வீடியோவுல. "சூப்பர்டா போண்டா"ன்னா. போன வெச்சதும் கழட்டி அலமாரிக்குள்ள வெச்சுட்டேன்.

நானே தச்சேன். பை தைக்கிற தடி நாடா வாங்கி, உள்ள வெல்வெட் குடுத்து, மெரூன் கலர்ல ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங் வெச்சு, நெஞ்சுல வளையமும் வெச்சு. அதுவும் அவ சொன்ன மாதிரியேதான். போட்டு வெளிய கூட்டிட்டுப் போனா தெருவே திரும்பிப் பாத்துச்சு. தங்கராசு சொன்னான், "அக்கா, எனக்கு ஒண்ணு தைங்க"ன்னு. இழுக்குறதும் கொறைஞ்சுச்சு. நெசமாத்தான். ஒரே ஒரு விஷயம், கைக்குழியில, அதான் முன்னங்கால் நுழையிற எடத்துல, அரை இஞ்ச் தாராளமா வெட்டினேன். பிளவுஸ்ல பாத்திருக்கீங்கல்ல, கைக்குழி பிடிச்சா அக்குள்ல செவந்து வெந்துபோயிடும். குண்டான பொம்பளைங்க யார் வந்தாலும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவேன், அவங்க கேக்காட்டிக் கூட. அதனாலதான் என்கிட்ட வர்றாங்க. அவனுக்கும் அப்படித்தான் விட்டேன். புள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே விட்டேன்? வயித்துப் பட்டையும் வைக்கல. எதுக்கு அசிங்கமா, வெயில்ல வேர்க்கும்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் நாலரை இருக்கும். மெயின் ரோட்டு ஓரமா வந்துக்கிட்டிருக்கோம். எதுக்க ஒரு சாவு ஊர்வலம். மேளத்துக்கெல்லாம் அவன் அசரல. பூவ வீசிட்டு வந்தாங்க, அதப் போயி மோந்து பாக்கணும்னு முன்னாடி இழுத்தான். நான் பிடிச்சு நிறுத்தினேன். பிடி நல்லாத்தான் இருந்துச்சு. எவனோ ஒருத்தன் பக்கத்துலயே சரம் கொளுத்திப் போட்டுட்டான்ம்மா.

எப்பவும் முன்னாடி இழுக்குறவன், அன்னிக்குப் பின்னாடி போனான். தலையக் குனிஞ்சு, தோளக் குறுக்கி, ஒரே ஒரு நெளி. முன்னங்கால் ரெண்டும் கைக்குழி வழியா வெளிய வந்துடுச்சு. நான் குனிஞ்சு பாக்குறேன், என் கையில வெறும் பெல்ட் இருக்கு. ஒரு தையல் விடல, தெரியுமா? ஒரு நூலு பிரியல. அத யாரும் சொல்ல மாட்டாங்க.

ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டான். போயி சேந்துட்டான்ம்மா, பத்திரமா. அந்தப் பக்கம் மருந்துக்கடை வாசல்ல நின்னு நடுங்குறான். நான் இந்தப் பக்கத்துலேர்ந்து கத்தினேன், "போண்டா! போண்டா, வாடா!"ன்னு. ஒரு நாளும் கூப்பிட்டா வராதவன். சோத்துத் தட்டக் காட்டினாத்தான் வருவான். அன்னிக்கு என் கொரல் கேட்டதும் காத மடிச்சுக்கிட்டு நேரா என்னப் பாத்து ஓடி வந்தான். தண்ணி லாரி. டிரைவர் மேல தப்பில்ல. பாவம், அந்தாளு எறங்கி வந்து அழுதான்.

இருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

ம். தங்கராசுதான் தூக்கிட்டு வந்தான். பின்னாடி காலி மனையில குழி வெட்டினான். அளவு எடுக்காம நான் போட்டுவிட்ட துணி என் வாழ்க்கையில அது ஒண்ணுதான். புது லைனிங் துணி, அஞ்சு மீட்டர் கட்டு. அப்படியே உருட்டி அவனச் சுத்திட்டேன்.

ஏழு மணி ஆச்சு. போன் அடிக்குது.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? "தூங்குறான்டி"ன்னேன். "அதுக்குள்ளயா?" "வெயில்ல அலைஞ்சான்ல, அசந்துட்டான்." மறுநாள் டவர் இல்லன்னேன். அதுக்கு மறுநாள் மொட்டை மாடியில இருக்கான்னேன். ஒம்பது நாள்ம்மா. ஒம்பது நாளும் அவ என்கிட்ட பேசினா. அவன் இல்லாமயே பேசினா. இப்படியே பழக்கமாயிடாதான்னு ஒரு பேராசை எனக்கு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், இருந்துச்சு.

பத்தாம் நாள் அவளே கேட்டுட்டா. "அம்மா, அவனுக்கு என்ன ஆச்சு? உண்மையச் சொல்லு." சொன்னேன். ஊர்வலம், வெடி, லாரி, எல்லாம் சொன்னேன். நான் அவனக் கூப்பிட்டத மட்டும் சொல்லல. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "எந்த பெல்ட்டும்மா போட்டிருந்தான்?"

"நீ அனுப்பினதுதான்"ன்னேன்.

யோசிச்சுச் சொல்லலம்மா. சத்தியமா. வாயில வந்துடுச்சு. அப்படிச் சொன்னா என்ன ஆகும்னு நெனைக்கவே இல்ல. கடைக்காரன் மேல பழி போகும், கம்பெனிக்காரன் மேல பழி போகும், ரெடிமேட் லட்சணம் இதுதான்னு திட்டிட்டு விட்டுடுவான்னு நெனச்சேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "மீடியம் எடுத்திருக்கணும்மா. எனக்கு அப்பவே மனசு சொல்லுச்சு. லார்ஜ் எடுத்துட்டேன்." அப்புறம் வெச்சுட்டா.

அதுலேர்ந்து ஏழு மணிக்கு போன் வர்றதில்ல. ஞாயித்துக்கிழமையும் இல்ல. நான் போட்டா எடுக்க மாட்டா, வேலையா இருக்கேன்னு மெசேஜ் வரும். எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? நான் மட்டும் அழலையா? நான்தானே மண்ணள்ளிப் போட்டேன்? அவளாவது ஒரு வார்த்தை ஆறுதலா...

என்னம்மா பாக்குறீங்க? அவ கோவத்துல பேசாம இல்லங்கிறீங்களா?

தெரியும். நேத்தே தெரிஞ்சுபோச்சு. இந்தாங்க, இத படிங்க. கண்ணாடி போடாம எனக்கு இப்ப சரியாத் தெரியல, ஆனா மனப்பாடம். "அம்மா, அந்த பெல்ட்ட எனக்கு அனுப்பி வை. எந்த எடத்துல கழண்டுச்சுன்னு நான் பாக்கணும். ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு. நான்தான் அவனக் கொன்னுட்டேன். உன்கிட்ட பேசவே மூஞ்சி இல்லம்மா." பாத்தீங்களா? என்கிட்ட பேச அவளுக்கு மூஞ்சி இல்லையாம்.

இப்ப அந்த உதவிக்கு வர்றேன். இதான் அவ அனுப்பின பெல்ட்டு. பாருங்க, புதுசு. ஒரு முடி ஒட்டல இதுல. நேத்து மூணு தடவ சோப்புப் போட்டு அடிச்சுத் தொவச்சேன், கல்லுல தேச்சேன், இன்னும் கடை வாசமே போகல. இத அப்படியே அனுப்பினா அவளுக்குத் தெரிஞ்சிடும். அதான், உங்க மேக்ஸ பாத்ததும் எனக்குத் தோணுச்சு. இவனும் அதே உடம்பு. ஒரு பத்து நாள் இவனுக்கு இதப் போட்டு நடங்க. கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் முடி, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் ஒரு எடத்துல தையலப் பிரிச்சு, கம்பெனிக்காரன் தையல்தான் விட்டுச்சுன்னு அனுப்பிடுவேன். அவ மேல தப்பில்லன்னு ஆயிடும்ல? சைஸ் சரிதான், தையல்தான் மோசம்னு. எல்லாருக்கும் நல்லது. என்னங்க நான் சொல்றது?

சரி, அவன் பெல்ட்டக் கழட்டுங்க, இதப் போட்டாவது பாப்போம். வாடா மேக்ஸ். இந்தக் கால இப்படிக் குடு. கடிப்பானா? இல்ல, நக்குறான். ஐயோ, இதே மாதிரிதான் நக்குவான் அவனும். இந்தக் கொக்கிய ரெண்டு எறக்கணும். இது வயித்துக்கிட்ட. ரெண்டு விரல், ம், போகுது. நீங்க முன்னாடி வந்து நில்லுங்க, இந்த வளையத்துல கயித்த மாட்டிப் பிடிங்க. இருங்க, நான் ஸ்கேலால மேசையில ஒரு அடி அடிக்கிறேன். பயப்படாதீங்க, அவன் பின்னாடி வாங்குறானான்னு பாக்கத்தான்.

ஆங், வாங்குறான். விடாதீங்க, பிடிங்க. தலையக் குனியிறான் பாருங்க, அதே நெளிதான். தோளக் குறுக்குறான்.

கழலல.

இன்னொரு தடவ அடிக்கிறேன். இழுங்க, நல்லா இழுங்க. அடே, கால எடுடா, எடேன்... கழல மாட்டேங்குதே. வயித்துப் பட்டை பிடிச்சுக்குதுல்ல. அவ சொன்னா. ரெண்டு வாரம் உக்காந்து பாத்துட்டுத்தான் சொன்னா.

போதும்மா. விட்டுடுங்க அவன. பாவம், நடுங்குறான். இந்தா, இந்தா பிஸ்கெட்டு. உன்ன ஒண்ணும் பண்ணலடா, உன்ன ஒண்ணும் பண்ணல.

லார்ஜுதான் சரியான அளவு. எம் பொண்ணு சரியாத்தான் எடுத்திருக்கா. இதப் போட்டிருந்தா அவன் இந்நேரம் அந்தத் துண்டுத் துணி மேல படுத்துக் கெடப்பான். எந்த எடத்துலம்மா நான் பிரிக்கிறது? பாருங்க, எங்க பாத்தாலும் ரெட்டைத் தையல் போட்டிருக்கான் அந்த மகராசன். கத்திரிக்கோல வெச்சா கை வர மாட்டேங்குது.

கழட்டாதீங்க. அவனுக்கே இருக்கட்டும். பத்து நாளுக்கு இல்ல, எப்பவும். நீங்க வாங்கினத டைட் பண்ண வேண்டாம், தூக்கிப் போடுங்க. இவன் இதப் போட்டுக்கிட்டே நடக்கட்டும்.

அவளுக்கு என்னத்த அனுப்பப் போறேன்னு கேக்குறீங்களா? நான் தச்சத இன்னும் தொவைக்கல. அதுல அவன் முடியெல்லாம் அப்படியேதான் இருக்கு. அதத்தான் அனுப்பணும். பார்சலப் பிரிச்ச ஒடனே அவளுக்குத் தெரிஞ்சிடும். என் பைப்பிங்க ஆயிரத்துல அடையாளம் சொல்லுவா, அவ போட்டு வளந்தது. கைக்குழியில கைய விட்டுப் பாத்தான்னா மீதியும் தெரிஞ்சிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டா. தெரியும். திட்டட்டும். இப்ப அங்க தனியா ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு ராத்திரியெல்லாம் தன்னத்தானே திட்டிக்கிட்டிருக்கா பாருங்க, அது என்னால தாங்க முடியலம்மா. என்னையே திட்டட்டும்.

நீங்க நடந்துதானே வந்தீங்க? சரி, அப்ப என்கூட கொரியர் ஆபீஸ் வரைக்கும் நடந்து வர்றீங்களா? ரெண்டு தெரு தள்ளிதான். ஆறு மணிக்கு ஷட்டர எறக்கிடுவான். பார்சல அவன் கையில குடுக்குற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க, அது போதும். தனியாப் போனேன்னா பாதி வழியில திரும்பி வந்துடுவேன்.